‘ரெஃப்யூஸ்’ என்ற உரைகல்லில் ஐந்து அகராதிகள்

பெங்களூரில் செயலி வரிகள், வங்கிக் கடிதங்கள், வாடகை ஒப்பந்தங்கள் என்று ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். எந்த அகராதி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரும்பாலும் அது அவரவருக்குப் பழகிப்போன அகராதியின் பெயராகத்தான் இருக்கும். தலைச்சொற்களை எண்ணி அகராதியை எடைபோடுவதும் வீண் வேலை. ஒரே ஒரு சொல்லை எடுத்து எல்லாவற்றிலும் உரசிப் பார்த்தால் மாற்று தெரிந்துவிடும். இங்கே உரைகல்லாக எடுத்துக்கொண்ட சொல், மறுத்தலைக் குறிக்கும் ‘ரெஃப்யூஸ்’ (refuse). கூடவே அதன் பங்காளிகளான டிக்ளைன் (decline), ரிஜெக்ட் (reject), டினை (deny).

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். தினசரி வேலைக்குக் கேம்பிரிட்ஜ் அகராதித் தளம். சொல்லின் சாயல் பிடிபடவில்லை என்றால் மெரியம்-வெப்ஸ்டர். ஒரு சொல் ஏன் இந்தப் பொருளில் வருகிறது என்று குடைச்சல் கொடுத்தால் எட்டிமாலஜி, அதாவது சொற்பிறப்புத் தளமான எட்டிம்ஆன்லைன். இந்த மூன்றுக்கும் காசு கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி சந்தா கேட்கும். அலுவலகமோ கல்லூரியோ கட்டினால் பயன்படுத்துங்கள், சொந்தக் காசில் வேண்டாம். தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியல் போடும் சின்னச் செயலிகளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். காரணம் கீழே.

ஏன் இந்தச் சொல்? தமிழில் ‘மறு’ என்ற ஒரே வினை ஆங்கிலத்தின் நான்கு வினைகளுக்கும் ஈடுகொடுக்கிறது. அதனால் எந்த ஆங்கிலம்-தமிழ்ப் பட்டியலைத் திறந்தாலும் நான்குக்கும் நேரே ‘மறு, நிராகரி’ என்றுதான் இருக்கும். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் எதற்கும் உதவாது. தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்லில் வைக்கவில்லை, சொல்லுக்கு முன்னால் வரும் உருவத்தில் வைத்திருக்கிறது. இதைப் பாருங்கள்:

அமைச்சர் பணம் வாங்க மறுத்தார்.
அமைச்சர் பணம் வாங்கியதை மறுத்தார்.

முதல் வாக்கியத்தில் அவர் உத்தமர், நீட்டிய பணத்தைத் தொடவில்லை. இரண்டாவதில் அவர் மேல் புகார் இருக்கிறது, ‘நான் வாங்கவே இல்லை’ என்கிறார். வினை ஒன்றுதான். ‘வாங்க’ என்ற செய வாய்பாட்டு எச்சம் வந்தால் ஆங்கிலத்தில் ரெஃப்யூஸ். ‘வாங்கியது’ என்று காலம் காட்டும் தொழிற்பெயரோடு இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ சேர்ந்தால் டினை. ஆங்கிலத்திலும் இதே பிளவு வேறு உடையில் நிற்கிறது: ரெஃப்யூஸுக்குப் பின் ‘டு’ போட்ட வினை வரும், டினைக்குப் பின் ‘இங்’ போட்ட வினை வரும். ‘ஹீ டினைட் டு கம்’ என்று நம் ஊர் மின்னஞ்சல்களில் சர்வசாதாரணமாக ஓடுகிறதே, அதன் பிறப்பிடம் இதுதான். ‘வர மறுத்தான்’ என்பதில் உள்ள ‘மறு’வை மட்டும் அகராதியில் தேடி, முதலில் கண்ணில் பட்ட டினையை எடுத்து, எச்சத்துக்கு ஒரு ‘டு’வையும் ஒட்டிவிடுகிறோம். எந்திர மொழிபெயர்ப்பு எதிர்த்திசையில் வழுக்கக்கூடிய இடமும் இதே. அமைச்சர் வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள். உருபு ஒன்று விழுந்தால் போதும், குற்றம் சாட்டப்பட்டவர் உத்தமராகிவிடுவார். செய்தி மொழிபெயர்ப்பில் இது சின்னப் பிழை இல்லை.

மூன்றாவது அமைப்பு ஒன்றும் உண்டு: ‘அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.’ நான்காம் வேற்றுமைக்கு ஆளும், அவருக்குக் கிடைக்காத பொருளும் சேர்ந்து வரும் இந்த அமைப்பை ரெஃப்யூஸும் டினையும் தாங்கும். டிக்ளைனும் ரிஜெக்ட்டும் தாங்காது. ‘தே டிக்ளைண்ட் ஹிம் எ விசா’ என்று எழுத முடியாது. ரிஜெக்ட்டுக்குப் பின் ‘டு’வும் ஒட்டாது. டிக்ளைனுக்கு ஒட்டும், ‘டிக்ளைண்ட் டு காமென்ட்’ என்று பத்திரிகைகளில் நாள்தோறும் வருகிறது.

இந்தச் சோதனையில் முதலிடம் கேம்பிரிட்ஜுக்கு. கற்பவர்களுக்காகச் செய்த அகராதி என்பதால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அமைப்பைப் போட்டுவிடுகிறார்கள்: ரெஃப்யூஸுக்கு ‘டு’ வடிவம், டினைக்கு ‘இங்’ வடிவமும் ‘தட்’ வாக்கியமும். அவசரத்தில் பொருளை மட்டும் படித்துவிட்டு அந்தச் சாம்பல் நிறச் சின்ன எழுத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த அகராதியின் உயிரே அந்தச் சின்ன எழுத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டுக்கும் தனித்தனி ஒலிபெருக்கிப் பொத்தான் உண்டு. குறை என்றால், வேர் பற்றிக் கேட்டால் வாய் திறக்காது.

உச்சரிப்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ரெஃப்யூஸ்’ என்று தமிழில் எழுதினால் இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. மறுத்தல் என்ற வினைக்கு அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், கடைசி ஒலி ‘ஸ்’ இல்லை, வண்டு ரீங்காரம்போல அதிரும் ஒலி. குப்பை என்ற பெயர்ச்சொல்லுக்கு அழுத்தம் முதல் ‘ரெ’யில், கடைசியில் அதிர்வில்லாத ‘ஸ்’. பெயருக்கு முன்னால், வினைக்குப் பின்னால் என்று அழுத்தம் நகரும் ரெக்கார்ட், பர்மிட், ரிஜெக்ட் வகையறாவில் இதுவும் சேரும். கேம்பிரிட்ஜும் மெரியம்-வெப்ஸ்டரும் இரண்டையும் தனிப் பதிவாகவே தருகின்றன. ஒன்று மட்டும் கவனம்: மெரியம்-வெப்ஸ்டர் உலக ஒலிக்குறியீட்டைப் பயன்படுத்தாமல் தன் சொந்தக் குறிகளையே போடுகிறது. ‘யூ’வின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் அது ஜெர்மன் எழுத்தோ என்று மிரள வேண்டாம், நம்முடைய ‘ஊ’தான்.

அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எட்டிம்ஆன்லைனுக்குத்தான் போக வேண்டும். டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கி வளர்த்த தளம். தேடும்போது ஒரு நுணுக்கம்: ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட வினையும் பெயரும் தனித்தனிப் பதிவாக நிற்கும், தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ‘வி’, ‘என்’ என்ற எழுத்துகள் மட்டுமே அடையாளம். முதல் பதிவோடு நிறுத்திவிட்டால் கதையில் பாதி போய்விடும்.

ரெஃப்யூஸ் என்ற வினை ஆங்கிலத்துக்கு 1300 வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் ஒரு மக்கள் வழக்கு லத்தீன் வடிவம், அதன் அடியில் ‘ரெஃபுன்டெரெ’. ‘ரெ’ என்றால் திரும்ப, ‘ஃபுன்டெரெ’ என்றால் ஊற்று. ஆக மறுப்பது என்பது திருப்பி ஊற்றுவது. கொடுத்த மோரைக் குடிக்காமல் சொம்பிலேயே திருப்பி ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள், பிடிபட்டுவிடும். மறுத்தல் என்ற பொருள் அழுத்தமாக ஒட்டிக்கொண்டதற்கு லத்தீனிலேயே ‘ஏற்க மாட்டேன்’ என்ற பொருளில் இருந்த ‘ரெகுஸாரெ’யின் சாயலும் காரணமாக இருக்கலாம் என்பார்கள். குப்பை என்ற பெயர்ச்சொல் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் வருகிறது, வேண்டாம் என்று தள்ளியது என்ற பொருளில், அதே பிரெஞ்சுக் குடும்பத்திலிருந்து. பெங்களூரில் இதை விளக்கப் பாடபுத்தகம் தேவையில்லை. பச்சைத் தொட்டியில் ‘ஹசி கச’ (ஈரக் குப்பை), பையில் ‘ஒண கச’ (உலர் குப்பை), சிவப்புத் தொட்டியில் ‘ரிஜெக்ட் வேஸ்ட்’ என்று வாசலில் வைக்கிறோம். மறுப்பைக் குறிக்கும் ஒரு சொல் என்றோ குப்பையானது, இன்னொன்று நம் கண்ணெதிரே குப்பைத் தொட்டிக்குப் பெயராகியிருக்கிறது.

‘ஃபுன்டெரெ’ என்ற இணைப்பைச் சொடுக்கினால் இன்னும் சுவாரசியம். ரிஃபண்ட் அதே ‘ரெஃபுன்டெரெ’யின் நேர் பிள்ளை. உருக்கிச் சேர்ப்பதைக் குறிக்கும் ஃப்யூஸ் என்ற வினையும் அங்கிருந்துதான். கோயம்புத்தூர் ஃபவுண்டரியும் அந்த வகை. கன்ஃப்யூஸ் என்பது எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலப்பது. நம்மிடம் குழம்பும் குழப்பமும் ஒரே அடுப்பில் வேகிற மாதிரி. ‘வீட்டுக்காரர் ரிஃபண்ட் தர ரெஃப்யூஸ் பண்றார்’ என்று இந்த ஊரில் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் சொல்லும் வாக்கியத்தில் ஒரே லத்தீன் வேர் இரண்டு முறை ஊற்றப்படுகிறது.

இந்தத் தளத்தை வாசிக்கத் தெரிந்து வாசிக்க வேண்டும். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைத்த வடிவம் இல்லை, மொழியியலாளர் கணித்து எழுப்பியது. மேலே சொன்ன மக்கள் வழக்கு லத்தீன் வடிவம் அப்படிப்பட்டதுதான். ஆண்டு என்பது சொல் பிறந்த நாள் இல்லை, எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் காலம். இரண்டையும் கவனிக்காமல் சமூக ஊடகத்தில் ‘1300-இல் உருவான சொல்’ என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்று, வேர்ப்பொருளே இன்றைய பொருள் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்கு நல்ல மருந்து டிக்ளைன்.

டிக்ளைனின் வேர் ‘தேக்லினாரெ’: விலகிச் சாய்தல், வளைந்து ஒதுங்குதல். இன்க்ளைன், ரிக்ளைன், சாய்தலைக் குறிக்கும் லீன் எல்லாம் உறவு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு மறுப்பு என்ற பொருளே இல்லை. வழிவிலகு, தாழ்ந்துபோ என்றுதான். நாசூக்காக மறுத்தல் என்ற பொருள் 1630-களில்தான் சேர்கிறது. விற்பனை சரிந்தாலும் டிக்ளைன், அழைப்பை ஏற்க இயலாவிட்டாலும் டிக்ளைன், லத்தீன் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபேற்றினாலும் டிக்ளைன். கடைசியானது நமக்கு வேடிக்கையாகத் தெரியும். எழுவாய் வடிவம் நிமிர்ந்து நிற்கிறது, மற்ற வேற்றுமைகள் அதிலிருந்து சாய்ந்து விழுகின்றன என்று அந்தக் கால இலக்கணிகள் உருவகித்தார்கள். நம் தொல்காப்பியர் அதைச் சாய்வாகப் பார்க்காமல் பொருளை வேறுபடுத்துவது என்று ‘வேற்றுமை’ என்றார். விவரமான பெயர்.

இந்தச் சாய்ந்து ஒதுங்கும் மறுப்புக்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லையே என்று கை பிசைபவர்கள் பள்ளிக்கூட நன்னூலை நினைவுகூரலாம். எட்டு வகை விடைகளில் நேரடியாக ‘மாட்டேன்’ என்பது மறை விடை ஒன்றுதான். ‘ஆட வருகிறாயா?’ என்றால் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கால் வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘பாடுகிறேன்’ என்பது இனமொழி. ‘நீயே ஆடு’ என்பது ஏவல். முகத்தில் அடிக்காமல் விலகிக்கொள்வதற்கு இத்தனை வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டிக்ளைனின் மனம் அங்கேதான் இருக்கிறது. அதனால் கூட்ட அழைப்பில் ‘டிக்ளைன்’ பொத்தானுக்கு ‘நிராகரி’ என்று போடுவது, கல்யாணத்துக்கு வர முடியாதவர் பத்திரிகையைக் கிழித்துப் போடுவது மாதிரி. ‘வர இயலாது’ என்று போட்டால் போதும்.

ரிஜெக்ட்டின் வேரில் எறிதல் இருக்கிறது: ‘ரெ’ திரும்ப, ‘யாகெரெ’ எறி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வந்தது. இன்ஜெக்ட் உள்ளே எறிவது, ப்ராஜெக்ட் முன்னால் எறிவது. டினைக்குள் எறிதலோ ஊற்றுதலோ எதுவும் கிடையாது, வெறும் ‘இல்லை’ இருக்கிறது: ‘தேநெகாரெ’, இல்லை என்று சொல். நெகட்டிவ் பக்கத்து வீடு. ஆகவே திருப்பி ஊற்றுவது, சாய்ந்து ஒதுங்குவது, திருப்பி எறிவது, இல்லை என்பது என்று நான்குக்கும் நான்கு உடல்மொழி. இதை மனதில் வைத்துக்கொண்டால் அலுவலகக் காகிதங்களில் எந்தச் சொல் ஏன் நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

இந்த ஊரின் ஐ.டி. ஆட்களுக்கு நேரடியாகப் பயன்படும் எடுத்துக்காட்டு அமெரிக்க விசா. பேச்சில் எல்லாமே ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’தான். காகிதத்தில் அப்படி இல்லை. அங்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும் மனுவில் கையெழுத்து விட்டுப்போனாலோ கட்டணம் தப்பாக இருந்தாலோ உறையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது ரிஜெக்ட், சொல்லின் வேர்ப்படியே திருப்பி எறிவது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எடைபோடவே இல்லை. மனு போட்ட தேதியும் நிற்காது, மேல்முறையீடும் கிடையாது, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதுதான். மனுவைப் பரிசீலித்து, காரணம் எழுதி ‘இல்லை’ என்றால் அது டினை. அதற்கு எதிராகச் செய்ய வழிகள் உண்டு. தூதரக நேர்காணலில் விசா கிடைக்காவிட்டால் அதற்குச் சொல் ரெஃப்யூஸ். ஊருக்குத் திரும்புவார் என்று நம்பாமல் மறுக்கும் பிரிவு 214(பி) மட்டுமில்லை, ‘இன்னும் காகிதம் கொண்டு வா’ என்று 221(ஜி) சீட்டு கொடுத்தாலும் இணையத்தில் நிலை ‘ரெஃப்யூஸ்ட்’ என்றே காட்டும். பிறகு அதே விண்ணப்பத்தில் விசா வரவும் கூடும். சிக்கல் அடுத்த முறை. விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வியில் ‘ரெஃப்யூஸ்ட்’ என்ற சொல்தான் நிற்கிறது. ‘ரிஜெக்ட் ஆகலையே, பெண்டிங்தானே இருந்துச்சு’ என்று ‘இல்லை’யைத் தட்டினால் பதிலும் பதிவேடும் முரண்படும். இதைத் தமிழாக்குபவர் மூன்றுக்கும் ‘நிராகரிப்பு’ என்று எழுதிவைத்தால் படிப்பவர் பிழைக்க வழியில்லை. பரிந்துரை: ரிஜெக்டுக்குத் ‘திருப்பி அனுப்பப்பட்டது’, டினைக்கு ‘பரிசீலித்து மறுக்கப்பட்டது’, ரெஃப்யூஸுக்கு ‘விசா மறுக்கப்பட்டது’.

சட்டக் காகிதத்தில் இன்னொன்று. அட்வான்ஸைத் தராத வீட்டுக்காரருக்குப் பதிவு அஞ்சலில் (2025-இல் இது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது) நோட்டீஸ் போகிறது, அவர் வாங்கவில்லை, உறை ‘ரெஃப்யூஸ்ட்’ என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. பலர் நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். சரியான முகவரியிட்டு, தபால் கட்டணம் கட்டிப் பதிவு அஞ்சலில் அனுப்பியது சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்), பிரிவு 27. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்த உறையைக் கிழிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸின் வாசகத்தில் ‘ரெஃப்யூஸ்ட் டு ரிஃபண்ட்’ என்றுதான் இருக்க வேண்டும். ‘டிக்ளைண்ட்’ என்றால் அவர் பணிவாகக் கும்பிட்டு மறுத்ததுபோல் ஆகும், ‘டினைட் டு ரிஃபண்ட்’ என்பது ஆங்கிலமே இல்லை.

ஸ்டார்ட்அப் ஒப்பந்தங்களில் வரும் ‘ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரெஃப்யூசல்’ என்பதை ‘முதல் மறுப்பு உரிமை’ என்று தமிழாக்கினால் பங்குதாரர் தலையைச் சொறிவார். பங்கை வெளியாளுக்கு விற்கும் முன், அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை எனக்குக் கொடு, நான் வேண்டாம் என்ற பிறகே அவருக்கு என்பதுதான் அது. ‘முதலில் வாங்கும் உரிமை’ என்று எழுதலாம்.

மெரியம்-வெப்ஸ்டருக்கு வருவோம். அதன் பலம் ஒப்பீட்டுப் பத்தி. டிக்ளைன், ரெஃப்யூஸ், ரிஜெக்ட், ரிபூடியேட், ஸ்பர்ன் ஐந்தையும் வரிசையாக நிறுத்தி, எது மரியாதையானது, எது கறாரானது, எது தூக்கி எறிவது, எது உறவை அறுப்பது, எதில் இளக்காரம் இருக்கிறது என்று சில வரிகளில் பிரித்துவிடுகிறார்கள். பக்கத்தின் கீழே விளம்பரங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். கைபேசியில் திறந்தால் பாதித் திரை விளம்பரம்தான். இந்த ஐந்தில் கடைசி இரண்டுக்கும் தமிழில் அச்சுப் பிசகாத இணைகள் இருக்கின்றன. ரிபூடியேட்டின் வேரான லத்தீன் ‘ரெபூதியும்’ மணவிலக்கைக் குறித்தது. நம் ஊரில் மனைவியைத் ‘தள்ளிவைத்தான்’ என்பார்களே, அதே. காப்பீட்டு நிறுவனம் கிளைமை ரிபூடியேட் செய்தது என்று கடிதம் வந்தால், பொறுப்பையே ஏற்கவில்லை என்று பொருள். ஸ்பர்ன் பழைய ஆங்கிலத்தில் காலால் உதைப்பது. ‘வந்த வாய்ப்பை எட்டி உதைத்தான்’ என்று நாம் சொல்வதில் சொல்லும் காலும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: மெரியம்-வெப்ஸ்டர் பொருள்களைக் கால வரிசையில் அடுக்குவது. முதலில் நிற்கும் பொருள் மிகப் பழையதாக இருக்கலாம், இன்று அதிகம் புழங்குவதாக இருக்க வேண்டியதில்லை. டிக்ளைன் போன்ற சொல்லில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால் பள்ளத்தில் விழுவோம்.

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி இந்தக் கால வரிசையின் மூலவர். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது, 1989-இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதி, இப்போது இணையத்தில் திருத்தம் தொடர்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தேதியிட்ட மேற்கோள்கள். ரெஃப்யூஸின் செத்துப்போன பொருள்களைத் தேடி நாள் முழுக்க உட்காரலாம். ஆய்வு மாணவருக்கு அமிர்தம். மாலை 5 மணிக்குள் 40 பொத்தான்களுக்குத் தமிழ் கொடுக்க வேண்டியவருக்குச் சுமை. சொந்தக் காசில் வேண்டாம் என்றது அகராதியின் தரத்துக்காக இல்லை, நம் வேலைக்கும் அதற்கும் உள்ள தூரத்துக்காக.

தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் அனுபந்தமாகவும் வந்தது. சிகாகோ தளத்தில் தமிழ் எழுத்திலேயே தேடலாம். ‘மறு’ என்று தட்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வரும்: கறை என்ற பொருளில் ஒன்று, மற்ற என்ற பொருளில் ஒன்று, மறுத்தல் என்ற வினை தனி. மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டியது இதுதான். மறுநாள், மறுபதிப்பு, மறுசுழற்சி, மறுமுயற்சி என்று ‘திரும்ப’ என்ற பொருளில் இந்த எழுத்துகள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒரு திரையில் ‘மறு’ என்றும் பக்கத்திலேயே ‘மறுமுயற்சி’ என்றும் இரண்டு பொத்தான் வைத்தால் விரல் தடுமாறும். கன்னட, தெலுங்கு, மலையாள உறவுச் சொற்களையும் லெக்சிகன் சுருக்கக் குறியோடு தருவது இந்த ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் லாபம். ஆனால் அது 1930-களோடு நின்றுபோன அகராதி. வங்கி, கணினி வழக்குக்கு அதைத் திறந்து பயனில்லை. ‘தள்ளுபடி’ போன்ற சொல் இன்று கோர்ட்டில் மனுவுக்கும், வங்கியில் கடனுக்கும், துணிக்கடையில் விலைக்கும் மூன்று விதமாக ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மாதிரி எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் நூல் கையருகே இருக்க வேண்டும். மனு தள்ளுபடி ஆனால் அழுகை, கடன் தள்ளுபடி ஆனால் கொண்டாட்டம்.

கடைசியாகப் பொத்தான் அளவு. கார்டு எந்திரம் ‘டிக்ளைண்ட்’ என்று காட்டும் இடத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றால் 11 எழுத்து, ‘மறுக்கப்பட்டது’ என்றால் 9, ‘ஏற்கவில்லை’ என்றால் 6. சின்னத் திரையில் முதலாவது இரண்டு வரியாக உடையும், அதுவும் ‘நிராகரிக்’ என்று அசிங்கமான இடத்தில். ‘ஏற்கவில்லை’ என்பதில் யார் ஏற்கவில்லை என்ற எழுவாயும் தேவைப்படாது, வாடிக்கையாளர் மேல் பழியும் விழாது. இந்தச் சொல்லை எந்த அகராதியும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஐந்தையும் மூடிவைத்த பிறகுதான் கிடைத்தது.

அச்சுப் புத்தகமே வேண்டும் என்பவர்கள் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளிலும் அவென்யூ ரோட்டிலும் கற்பவர் அகராதிகளைத் தேடலாம். விலை பேசும் முன் ‘டினை’ உள்ள பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘இங்’ வடிவம் பற்றி ஒரு வரிகூட அங்கே இல்லையென்றால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.